புனிதக் கிணற்றின் காது

இதனால் சகல உயிர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், அடிகளார் தம் கைத்தடியால் தட்டி ஊற்றெடுக்க வைத்த திருக்கிணறு இன்று முதல் பாதுகாக்கப்பட்ட புனிதச் சின்னம். தண்ணீரைத் தவிர அதிலிருந்து எதையும் வெளியே எடுக்கக் கூடாது. செத்த பெருச்சாளியையும்தான்.

பெருச்சாளி வயிறு உப்பிப் பாசியில் மல்லாந்து மிதந்தது. சுற்றிலும் எச்சில், முடிச்சுருள், ஷாம்பு பாக்கெட். ஐந்து மாதக் கர்ப்பிணியான மருமகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். திறப்பு விழாவின் முதல் டம்ளர் அவளுக்குத்தான் என்று, பாதுகாப்புச் சங்கத் தலைவரான மாமனார் மைக்கில் சொல்லியாயிற்று.

"வயித்துல இருக்குற பிள்ளைக்கு நல்லதும்மா. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கு," என்றார் மாமியார்.

"நீங்க குடிச்சீங்களா அத்தை?"

"எனக்கு சளி."

எல்லாவற்றுக்கும் ஆதாரம் கிணற்றுச் சுவரிலிருந்த கல்வெட்டு. 'இந்நீர் குடிக்கலா' வரை தெரியும். மிச்சம் கம்பிவேலிக்குப் போட்ட சிமெண்ட்டுக்குள். உள்ளே இருப்பது 'ம்' என்று மாமனார் புத்தகமே போட்டிருந்தார். வேலி போட்டது அவருடைய மச்சினன். அந்தச் சிமெண்ட்டில் சிமெண்ட்டைத் தவிர எல்லாம் இருந்தது. எட்டிப் பார்க்கும் ஆசையில் கூட்டம் வேலியில் சாய, பொலபொலவென்று உதிர்ந்தது.

உள்ளே 'ம்' இல்லை. 'காது' இருந்தது.

மருமகள் சேர்த்துப் படித்தாள். குடிக்கலாகாது.

"மாமா! குடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு!"

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும் நேரத்தில் ஒரு ஞானம் உதித்தது.

"அது தனி வார்த்தைம்மா. காது! அடிகளார் இன்னும் நமக்குக் காது கொடுத்துக்கிட்டிருக்கார்னு அர்த்தம்."

கூட்டம் மெய்சிலிர்த்தது. அதே சூட்டில் மாமியார் டம்ளரை மருமகளின் உதட்டில் வைத்தார். வழவழவென்று ஏதோ பட்டது. அவள் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு மைக்கை நெருங்கினாள்.

"அப்ப பெரியவங்க முதல்ல குடிங்க மாமா. மடக்குமடக்குன்னு அவர் காதுல விழட்டும்."

ஒரே கைதட்டல். தலைவர் காப்பாற்றச் சொல்லி மச்சினனைப் பார்த்தார். அவனும் தட்டிக்கொண்டிருந்தான். வேறு வழியில்லை, கண்ணை மூடிக்கொண்டு, வழவழப்பையும் சேர்த்து விழுங்கினார்.

தலைவருக்குள் அருள் இறங்கிவிட்டதாக அன்று மாலை சங்கம் அறிவித்தது.

வயிற்றுப்போக்கு.