மேலே ஒரு கை

இருபது கேள்விக்கு இருபத்தைந்து நிமிடம். ஸப்ராஸ் கைப்பேசியில் நேரத்தைப் பிடித்து, அதை உப்பு மூட்டையின் மேல் நிமிர்த்தி வைத்துவிட்டு, "ம், தொடங்கு" என்றான். அஸீபா பென்சிலை எடுத்தாள். கடை வாசலில் மன்னார்க் கழுதை ஒன்று, தனக்கும் பரீட்சை இருப்பதுபோல, எதிர்ச் சுவரை முறைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. சோழகக் காற்று தெருப் புழுதியை அள்ளி வந்து கருவாட்டின் மேலும் வினாத்தாளின் மேலும் பாரபட்சமில்லாமல் போட்டது.

உலகத்தில் எம்.பி.ஏ. என்ற முகாமைத்துவ மேற்படிப்பின் நுழைவுப் பரீட்சைக்குப் படிப்பவர்கள் எங்கெங்கேயோ இருந்து படிக்கிறார்கள். அஸீபா படித்தது பள்ளிமுனைக்குப் போகும் தெருவில் இருந்த தன் புருஷன் ஸப்ராஸின் கருவாட்டுக் கடையில். தாராபுரத்தில் இருந்த வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் போதும், ஒரு பிள்ளைக்குப் பசிக்கும், மற்றதுக்கு வயிற்றுக்குத்து வரும், மாமிக்கு மருந்துக் குளிசை காணாமல் போகும். கடையில் அந்தத் தொல்லை இல்லை. டவுனில் அவள் வேலை செய்த வங்கி மூடியதும் நாலரைக்கு நேரே இங்கே வந்து, பின்பக்கக் கதிரையில் இருந்து, பொழுதுபட்டு மஃரிப் பாங்கு கேட்கும்வரை ஒரு தாள் செய்வாள். அவளுடைய வினாத்தாள்கள் எல்லாம் நெத்தலி மணத்தன.

முப்பத்தாறு வயதில் இந்த ஆசை ஏன் என்று கேட்டவர்களுக்கு அவள் சிரிப்பையே பதிலாகக் கொடுத்தாள். உண்மை சின்னதுதான். வெளிவாரியாகப் பட்டம் எடுத்தவள். அவளிடம் வேலை பழகிப் போனவர்கள் இரண்டு பேர் இப்போது வேறு கிளைகளில் முகாமையாளர்கள். தானும் ஒரு நாள் கண்ணாடி அறைக்குள் இருக்கவேண்டும் என்று அவளுக்கு இருந்தது, அவ்வளவுதான். போன வருடம் ஊரெல்லாம் அறியக் கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். கணக்குப் பகுதி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் மொழித்திறன் வினாக்கள்தான் காலை வாரிவிட்டன. பிறகு ஒரு மாதம் வங்கிக் கந்தோரில் ஒவ்வொருவராக வந்து "முடிவு வந்ததா" என்று கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது சுடும். அதனால் இந்த முறை ஒரு வைராக்கியம் எடுத்திருந்தாள். பயிற்சிப் புத்தகத்தின் முன்னுரையில், இருபதுக்குப் பதினான்கு எடுப்பவர் தைரியமாகப் பரீட்சைக்குப் போகலாம் என்று போட்டிருந்தது. கடைசி வாரத்தில் பதினான்கு வராவிட்டால் போவதில்லை. இன்னொரு தரம் காது சுட அவளால் முடியாது.

அஸீபாவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒரேயொரு விடையை மட்டும் பார்ப்போம் என்று புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டுவாள். பார்த்தால் இருபதையும் பார்த்துவிட்டுத்தான் மூடுவாள். முதல் நாளே இதைக் கண்ட ஸப்ராஸ், பாரை வெட்டும் கத்தியால் விடைப் பக்கங்களை அறுத்தெடுத்துப் படிக்கல் வைக்கும் தகரப் பெட்டிக்குள் போட்டுவிட்டான். அன்றிலிருந்து திருத்துபவனும் அவன்தான். புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனால் விடைகள் ஏ, பி, சி, டி, ஈ என்ற ஐந்து எழுத்துக்குள் அடங்கிவிடுவதால், அதற்கு மேல் இங்கிலீஷ் தேவைப்படவில்லை. சரி பிழை போட்டு, தாளின் தலையில் மொத்தத்தை எழுதி வட்டம் போடுவான். வாத்தியார்மார்கூட அவ்வளவு வடிவான வட்டம் போடமாட்டார்கள்.

சில கேள்விகளை அவள் தமிழில் சொல்லி அவனிடமும் கேட்பதுண்டு. ஓர் ஊரில் இந்த வருடம் குடை விற்பனை இரண்டு மடங்காகியது, ஆகவே அங்கே மழை கூடியிருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார், இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது என்று ஒரு கேள்வி. அவள் ஐந்து விடைகளையும் வாசித்து முடிக்க முன்னமே ஸப்ராஸ், மன்னாரில் எந்த மடையன் மழைக்குக் குடை வாங்குகிறான், வெயிலுக்குத்தானே வாங்குகிறான் என்றான். அதுதான் சரியான விடை. அன்றைக்கு முழுவதும் அவனைப் பிடிக்க முடியவில்லை. வந்த வாடிக்கையாளர் மூன்று பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு, மூன்று பேரும் அதே விடையைச் சொல்ல, இந்தப் பரீட்சையை மன்னாரில் வைத்தால் ஊரே பாஸ் என்று சொல்லிச் சிரித்தான்.

ஸப்ராஸின் வியாபாரத்தில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. அவனுடைய வாப்பா காலத்திலும் அதே இரண்டுதான். விற்கும்போது, தராசு முள் நேராக நின்ற பிறகு, மேலே ஒரு கை அள்ளிப் போடாமல் தட்டை இறக்கமாட்டான். மட்டாக நிறுத்துக் கொடுத்தால் இறைவன் தரும் பரக்கத் போய்விடும் என்பது அவன் நம்பிக்கை. மச்சான் பரிசாகக் கொடுத்த மின் தராசை, அதற்கு நாகரிகம் தெரியாது என்று மூலையில் வைத்துவிட்டான். வாங்கும்போது கதை வேறு. கருவாட்டை விரல்களுக்கு இடையில் அழுத்திப் பார்த்து, ஈரம் இருந்தால் அதற்கென்று நிறையில் கழித்துவிட்டுத்தான் எடுப்பான். காயாததை நம்பக்கூடாது, வீட்டுக்கு வரும்போது பாதியாகிவிடும்.

முதல் தாளில் அவள் எடுத்தது பதினொன்று. பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று. ஒரு மாதத்தில் பதினைந்து, போன வாரம் பதினாறு. அஸீபா காற்றில் நடந்தாள். வினாக்களைப் போட்டோப் பிரதி எடுத்துக் கொடுத்த கந்தோர் சிநேகிதி அஞ்சலா, "இந்த முறை எடுக்கிறீங்கள், மாதா கைவிடமாட்டா" என்று மடு மாதா கோயிலுக்கு நேர்த்தியே வைத்துவிட்டாள். பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமைக் காலைக் கொழும்பு பஸ்ஸில் யன்னல் ஓரத்து ஆசனம் பதிவு செய்தாயிற்று.

வியாழக்கிழமை ஸப்ராஸ் கருவாடு எடுக்கச் சிலாவத்துறைக்குப் போயிருந்தான். அஸீபா தனியாக ஒரு தாளைச் செய்து முடித்தாள். அவன் வரும்வரை பொறுத்திருக்கலாம். பதினேழா பதினெட்டா என்ற அவா அவளை விடவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து தானே திருத்தினாள். பன்னிரண்டு. யானைக்கும் அடி சறுக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பழைய தாள்களைக் குத்தி வைத்திருந்த ஆணியில் இருந்து பதினாறு எடுத்த தாளைக் கழற்றிப் பார்த்தாள். பிழை போட்ட இடங்களை அவள் எப்போதும் உன்னிப்பாகப் பார்த்துத் திருத்திக்கொள்வாள். சரிகளை எண்ணியதில்லை. இப்போது எண்ணினாள். பதின்மூன்று சரி. ஏழு பிழை. தலையில் வடிவான வட்டத்துக்குள் பதினாறு. மற்றத் தாள்களையும் கழற்றினாள். பதினைந்து என்றது பன்னிரண்டு. முதல் நாள் பதினொன்று என்றது எட்டு. நாள் முழுவதும் மற்றவர்களுடைய கணக்கைக் கூட்டிப் பார்ப்பவள், தன் கணக்கைக் கூட்டவில்லை. ஒரு தரம்கூட அவள் பதினான்கு எடுக்கவில்லை.

அவன் வந்து மூட்டைகளை இறக்கி, ஈரத்துக்கு இரண்டு கிலோ கழித்து வாங்கிய வீரத்தைச் சொல்லத் தொடங்கினான். அவள் தாள்களை நீட்டினாள். அவன் பார்த்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவன் முழிக்கும் முழியை முழித்தான்.

"நிறை சரிதான் அஸீபா. சரி பிழையில நான் கை வைக்கேல்ல. மேல ஒரு கை போட்டன், அவ்வளவுதான்."

"நான் என்ன உங்கட கடைக்குக் கருவாடு வாங்க வந்த ஆளா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, முதல் நாள் எட்டு என்று சொல்லியிருந்தால் அவள் புத்தகத்தைக் கிழித்துக் கழுதைக்குப் போட்டிருப்பாள் என்றான். அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. விடையைக் காக்கச் சொல்லி இவனிடம் கொடுத்தது கள்ளனைக் காவலுக்கு வைத்த கதைதான் என்றாள். பஸ் ஆசனத்தை ரத்துச் செய்யச் சொன்னாள். போகவில்லை, முடிந்தது. அவன் நெடுநேரம் ஒரு மூட்டையை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். பிறகு, புத்தகத்தில் ஒரேயொரு தாள் மிச்சம் இருக்கிறது, நாளைக்கு அதையும் செய், அதற்குப் பிறகு உன் இஷ்டம் என்றான்.

"வல்லாஹி, ஒரு கை இல்ல, ஒரு துகளும் போடமாட்டன்."

மறுநாள் வங்கிக்கு லீவு போட்டிருந்தாள். ஜும்மாவுக்குப் பிறகு ஸப்ராஸ் கடையின் பாதிக் கதவை இழுத்து மூடினான். கைப்பேசி உப்பு மூட்டையில் ஏறியது. அஸீபாவுக்கு ஆத்திரம் ஆறவில்லை. அந்த ஆத்திரத்திலேயே விறுவிறுவென்று செய்துகொண்டு போனாள். போவதில்லை என்று முடிவெடுத்தவளுக்குப் பயம் ஏது? இரண்டு இடத்தில் மட்டும் தயங்கி, முதலில் எழுதியதை அழித்துவிட்டு வேறு எழுத்துப் போட்டாள். மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே தாளை அவனிடம் கொடுத்துவிட்டாள்.

அவன் தராசு மேசைக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு திருத்தினான். என்றைக்கும் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை, அன்றைக்குப் பின்னேர அஸர் பாங்கு கேட்டும் முடியவில்லை. அவன் திரும்பியபோது முகம் காய்ந்து போயிருந்தது.

"பதின்மூண்டு."

ஒன்று குறைய. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. ஸப்ராஸ் போய் மூட்டையில் இருந்து வாசலைப் பார்த்தான். மேலே ஒரு கை போட்டிருந்தால் அவள் போயிருப்பாள். அது அவனுக்கும் தெரியும். போடாமல் இருப்பதற்கு அவன் பட்ட பாடு அவன் தோளில் தெரிந்தது. அவளுக்கு அவன்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே விட்டுப்போயிற்று. பாவம், இந்த மனிதன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொருளை மட்டாக நிறுத்துக் கொடுத்திருக்கிறான்.

பிழைகளைப் பார்க்கும் பழக்கத்தில் தாளை இழுத்தாள். இந்த முறை சரிகளையும் எண்ணினாள். பதின்மூன்று சரி. ஐந்து பிழை. மிச்சம் இரண்டு எங்கே? இரண்டு கேள்விக்கு எதிரே சரியும் இல்லை, பிழையும் இல்லை. இரண்டும் அவள் அழித்து எழுதியவை. அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அது ரெண்டும் ஈரம்" என்றான் ஸப்ராஸ். "உனக்கே நிச்சயமில்லாம அழிச்சு எழுதினது. காயாதத நான் நிறையில சேர்க்கிறேல்ல."

அஸீபா எழும்பித் தகரப் பெட்டியைத் திறந்தாள். ஏழாம் கேள்விக்கு சி. அவள் அழித்து எழுதியதும் சி. பதினாறாம் கேள்விக்கு பி. அவள் தாளில், அழித்த கறுப்புக்கு மேலே, பி. அவள் தாளை மேசையில் வைத்தாள். வயிற்றின் அடியில் இருந்து ஒரு சிரிப்புப் புறப்பட்டு வந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்துத் தையல் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கழுதைகூடத் தலையைத் திருப்பியது. ஸப்ராஸுக்கு நம்பிக்கை வரவில்லை. அவளைக் கொண்டு மூன்று தரம் எண்ணுவித்தான். பிறகு தானே விரல் வைத்து எண்ணினான்.

"பதினைஞ்சு எண்டா…" என்றான் மெதுவாக, "மேல ஒண்டும் போடாமலா?"

"ஒண்டும் போடாமத்தான்."

அவன் தலைத் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு தாளை வாங்கி, அதன் தலையில் பதினைந்து என்று எழுதி, இரண்டு வட்டம் போட்டான்.

சனிக்கிழமைக் காலை பஸ் எடுக்க முன், கொழும்பில் அவள் தங்கப்போகும் மைனி வீட்டுக்கு ஒரு கிலோ நெத்தலி எடுக்கவென்று கடையில் இறங்கினார்கள். இன்னும் நன்றாக விடியவில்லை. நாளைக்குக் காலையில் அவள் பரீட்சை மண்டபத்தில் யாரோ ஒருவருக்குப் பக்கத்தில், பென்சிலும் அழிறப்பருமாக இருப்பாள். பதினைந்து வருமா, எட்டு வருமா, ரப்புல் ஆலமீனான அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். அவளுக்குப் பயமும் இருந்தது, அதைவிட இரண்டு மடங்கு சந்தோஷமும் இருந்தது. ஸப்ராஸ் தராசைப் பிடித்தான். தட்டு ஆடி ஆடி அடங்கி, முள் நட்ட நடுவில் நின்றது. பஸ் நிலையத்துப் பக்கம் இருந்து ஹோன் சத்தம் கேட்டது. அவன் வலக்கை பழக்கத்தில் மூட்டைக்குள் போய் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து, தட்டுக்கு மேலே அப்படியே நின்றது. அவன் அவளைப் பார்த்தான்.

அஸீபா பையின் வாயை இன்னும் அகலமாக விரித்துப் பிடித்தாள்.