நாலாம் இடம் ஏழானது எப்படி?

போன திங்கட்கிழமை நான்காம் இடம். இந்தத் திங்கட்கிழமை ஏழு!

முதியோர் பராமரிப்பு இல்லத்தின் கவுன்ட்டரில் நின்ற பஸ் டிரைவர் காத்திருப்புப் பட்டியலை மறுபடி படித்தாள். வரிசை என்றால் முன்னால்தானே நகரும்? அவள் அப்பா மட்டும் எப்படிப் பின்னால் போனார்?

இன்னும் பதினொரு நாளில் அவளுக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை. பிறகு மூன்று மாதம் வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க வேறு ஆளில்லை.

"யாரை நடுவுல சொருகினீங்க?" என்றாள்.

"இங்க முதல்ல வந்தவங்களுக்கு முதல்லன்னு கிடையாதும்மா," என்றாள் கிளார்க். "யாருக்கு உதவி அதிகம் வேணுமோ அவங்களுக்கு. உதவி அதிகம்னா மார்க் அதிகம். நீங்க ஃபாரம் கொடுத்தப்புறம் பெரியவங்களுக்கே போன் பண்ணிக் கேட்டு மார்க்கைத் திருத்துவோம். உங்கப்பா தானாவே குளிக்கிறாராம். மாடிப்படி ஏறுறாராம்."

"எங்க வீட்ல மாடியே இல்லையே!"

கிளார்க்கின் பேனா அப்படியே நின்றது.

அரை மணியில் வீடு. அப்பா கட்டிலில் மல்லாந்திருந்தார்.

"போன்ல என்னப்பா அளந்து விட்டீங்க?"

அப்பாவின் காது சிவந்தது. "முன்னப்பின்ன தெரியாத பொண்ணு, 'தனியா பாத்ரூம் போவீங்களா'ன்னு கேக்குது. இல்லேன்னா சொல்ல முடியும்? குரல் வேற அவ்வளவு இனிமை!"

"அந்த இனிமையில மூணு இடம் போச்சு. எனக்கு ஆபரேஷன்ப்பா. முதுகுல."

"மூணு மாசம் வெளியூர் ரூட்டு, அதான் என்னை அங்க விடுறேன்னு சொன்னியே?"

அவள் அவர் தலையணையைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

"அப்ப நீயும் அளந்துதான் விட்டிருக்கே. போனைப் போடு!"

ஸ்பீக்கரில் அதே இனிமையான குரல் கேட்டது. "பொண்ணே, எழுதிக்கோ," என்றார் அப்பா. "படி ஏறுறது பொய். உட்காரக்கூட முடியாது. குளிப்பாட்டுறது என் மக. அவளுக்கும் முதுகுல ஆபரேஷன்."

"பார்த்துக்கிறவங்களுக்கே ஆபரேஷனா? அதுக்குத் தனி மார்க் உண்டே சார்! ஃபாரத்துல ஏன் எழுதல?"

"கையெழுத்துப் போடுறப்ப அப்பா படிச்சிடுவாரேன்னுதான்," என்று மகள் முனகினாள்.

கீபோர்டு தட்டும் சத்தம். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இப்ப நீங்கதான் முதல். நாளைக்கு நர்ஸ் நேர்ல வந்து பார்ப்பாங்க. வியாழக்கிழமை ஒரு கட்டில் காலியாகுது. ஒருத்தர் குணமாகி வீட்டுக்குப் போறார்."

மகள் சுவரில் சாய்ந்து, வெகுநாள் கழித்து முதுகைத் தளர்த்தினாள். அப்பா தாடையைத் தடவிப் பார்த்தார்.

"வியாழன்னா மூணே நாள். என் ஷேவிங் செட்டை எங்கடி வெச்சே?"