கைமாறிக் கைமாறி வந்த செய்தி

புயல் கடந்துபோன பிறகும் திருகோணமலைக்குக் கரண்ட் வரவில்லை. டவர்களில் இருந்த பற்றரிகளும் ஒவ்வொன்றாக இறங்கிவிட, ஊரிலிருந்த போன்கள் எல்லாம் மணி பார்க்க மட்டும் உதவின. இப்படி ஒரு நேரத்துக்காகத்தான் தர்ஷனாவின் அலுவலகம் ஒரு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தது.

அலுவலகம் ஓர்ஸ் ஹில்லில், ஒரு பல் வைத்தியரின் வீட்டு மேல்மாடியில் இருந்தது. டவர் இல்லாமலே ஒரு போனிலிருந்து கிட்ட இருக்கும் இன்னொரு போனுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று செய்தியைத் தாவ வைக்கும் ஒரு செயலி. இடையிலுள்ள போன்களில் செய்தி தெரியாது, சேரவேண்டியவரின் போனில்தான் திறக்கும். அது இந்தக் கரைக்குச் சரிவருமா என்று பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். செயலியை எழுதியவர் சிவகுருநாதன், ஓய்வுபெற்ற பொறியியலாளர். அதை ஆட்களின் போன்களில் போட்டுக் கொடுப்பது தர்ஷனாவின் வேலை. சாம்பல்தீவுக் கரையிலும் உள்துறைமுகத்து மீன் இறங்குதுறையிலும் அவள் ஸ்கூட்டி போகாத ஒழுங்கை இல்லை. போட்டுக்கொடுத்த கிழமையே பாதிப்பேர் அணைத்து வைத்துவிடுவார்கள். "சார்ஜைக் குடிக்குது மிஸ்." அவள் மறுபடி போவாள், மறுபடி கேட்பாள். நடுவில் ஒரு போன் அணைந்தாலும் செய்தி அங்கேயே நின்றுவிடும் என்று எத்தனை தரம் சொன்னாளோ, அவளுக்கே அலுத்துவிட்டது.

அன்று காலை அலுவலகத்தில் அவள் தனியாக இருந்தபோது போன் ஒருமுறை அதிர்ந்தது. டவர் போன பிறகு அது அதிர்ந்ததே இல்லை. திரையில் சிவப்பு எழுத்தில், அவளுக்கென்று அனுப்பிய ஒரு செய்தி.

"எஞ்சின் நிண்டிட்டுது. போட்டுக்குத் தண்ணி ஏறுது. உப்புவெளிக்கு நேரே வெளிக்கடல். ஜக்சன், சாம்பல்தீவு."

ஜக்சனை அவளுக்குத் தெரியும். அவனுடைய போனில் செயலியைப் போட்டுக் கொடுத்தவளே அவள்தான். இந்த வேலையை யாரும் கவனிக்கப் போவதில்லை என்று நினைத்திருந்தவள் செய்தியை இன்னொரு தரம் வாசித்தாள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்கு ஓடினாள்.

அங்கே றுமைஸ் போட்டுக்குள் நின்ற மழைத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். கிண்ணியாக்காரர், இந்தத் துறையில் அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். பக்கத்தில் அவருடைய தங்கையின் கணவன் இஹ்ஸான் நின்றான். தர்ஷனா போனை நீட்டினாள். றுமைஸ் இரண்டு தரம் வாசித்தார்.

"ஆளை நேரே கண்டவங்க ஒருத்தரும் இல்லையா?"

"இல்லை நாநா. போனிலதான் வந்திருக்கு."

"இப்ப வந்ததா?"

"ஓம், இப்பதான். பாருங்கோ, நேரம் போட்டிருக்கு."

அவர் துறைமுகத்தின் வாய்ப் பக்கம் பார்த்தார். உள்ளே தண்ணீர் அமைதியாகத்தான் கிடந்தது. வெளியே வாடைக்காற்று இன்னும் அடங்கவில்லை; அலையின் வெள்ளை இங்கிருந்தே தெரிந்தது.

"நல்லா அடிக்குது மச்சான்," என்றான் இஹ்ஸான்.

"தெரியுது. அவனுக்கும் அங்க அடிச்சுக்கொண்டுதானே இருக்கும்."

றுமைஸ் பக்கத்துப் போட்டுக்காரர்களைக் கூப்பிட்டார். மூன்று போட்டுகள் வெளிக்கிட்டுப் போயின.

ஜக்சனின் மனைவி நிலுஷாவுக்கு யார் போய்ச் சொல்வது? தர்ஷனாவே போனாள். வழியெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்தன. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து எப்படித் தொடங்குவது என்று உப்புவெளி தாண்டும்வரை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

சாம்பல்தீவில் அந்த வீட்டு வாசலில் ஜக்சன் கதிரை போட்டு இருந்து, பாண் துண்டைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

தர்ஷனா ஸ்கூட்டியின் எஞ்சினை அணைக்கக்கூட மறந்து அப்படியே நின்றாள்.

"என்ன மிஸ், பேயைக் கண்ட மாதிரி?" என்று நிலுஷா குசினியிலிருந்து வெளியே வந்தாள்.

"எப்ப வந்தனீங்கள்?"

"நேற்றுப் பின்னேரம்," என்றான் ஜக்சன். "திரியாய்ப் பக்கத்துப் போட் ஒண்டு கண்டு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. ஏன் மிஸ்?"

"போனில செய்தி அனுப்பினீங்களோ?"

"ஓம், நேற்றுக் காலமை. அது போகேல்லை எண்டல்லோ நினைச்சனான்."

செய்தி போயிருந்தது. மழைக்குள் அவனைக் காணாமலே கிட்டவாகக் கடந்துபோன ஏதோ ஒரு போட்டில், பொலித்தீனில் சுற்றிவைத்த ஒரு போனுக்குத் தாவி, அந்தப் போன் கரையேறும்வரை அதற்குள் கிடந்து, இன்று காலையில் மீன் இறங்குதுறை, சந்தை, ஓர்ஸ் ஹில் என்று ஆளுக்கு ஆள் ஏறி வந்திருக்கிறது. அவள் றுமைஸுக்குக் காட்டிய நேரம், செய்தி அவளுடைய போனுக்கு வந்துசேர்ந்த நேரம். எழுதிய நேரத்தைச் செயலி காட்டுவதில்லை.

இறங்குதுறைக்குத் திரும்பி வந்து, "ஜக்சன் வீட்டில இருக்கிறார். திரும்பி வாங்கோ" என்று எழுதி அனுப்பினாள். 'அருகில் போன் இல்லை' என்றது திரை. துறையின் நுனிவரை போய் நின்று அனுப்பினாள். அதே வார்த்தைதான் வந்தது. பிறகு வலைக் குவியலொன்றின்மேல் இருந்து, துறைமுகத்தின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை வந்தது, அவள் எழும்பவில்லை.

பொழுது சாயும்போதுதான் போட்டுகள் வந்தன. முதலாவது போட் கரையை அண்டுமுன்னரே அவளுடைய போன் மெல்ல அதிர்ந்தது: செய்தி சேர்ந்துவிட்டதாம். றுமைஸின் மடியில் தலைவைத்து இஹ்ஸான் படுத்திருந்தான். மிதந்துவந்த மரமொன்றில் போட் அடிபட்டபோது அவனுடைய வலதுகை எஞ்சினுக்கும் பலகைக்கும் இடையில் அகப்பட்டுவிட்டது. கையைச் சுற்றியிருந்த சாரத்துணி முழுக்க இரத்தம்.

"ஆளைக் காணல்ல தங்கச்சி," என்றார் றுமைஸ். "எல்லா இடமும் பார்த்திட்டம்."

அவள் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்பது பிறகு அவளுக்கு ஞாபகமில்லை. யாரும் அவளை ஏசவில்லை. அவர்களுக்கு ஏசுவதற்கும் பலமில்லை. இஹ்ஸானைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினார்கள்.

இஹ்ஸானுக்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது.

கரண்ட் வந்த பிறகு சிவகுருநாதன் அலுவலகத்தில் இருந்து, தர்ஷனாவின் போனில் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார். "எழுதின நேரத்தையும் காட்டியிருக்க வேணும். என்ர பிழைதான்," என்றார் கடைசியில்.

"காட்டியிருந்தா போகாமல் விட்டிருப்பினமோ, சேர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியேல்லை. நேற்று எழுதினது எண்டு கண்டாலும் ஒருத்தன் இண்டைக்கும் மிதந்துகொண்டிருக்கலாம்தானே. வந்திட்டன் எண்டு அவன் இன்னொண்டு எழுதினாலும் அது எந்த வழியால, எப்ப வரும் எண்டு ஆருக்குத் தெரியும்? செய்தி போய்ச் சேரும் பிள்ளை. அதை நான் செய்து காட்டிட்டன். ஆனா அனுப்பினதைத் திருப்பிக் கூப்பிட ஏலாது."

கொழும்பிலிருந்து மேலதிகாரி போன் எடுத்தார். செய்தி கடலிலிருந்து வந்துசேர்ந்ததைக் கேள்விப்பட்டு அவருக்குப் பெரிய சந்தோஷம். "அப்ப சரிவருது எண்டு எழுதலாம்தானே?" என்றார். தர்ஷனா, இஹ்ஸானின் கையைப் பற்றியும் எழுதுவேன் என்றாள். "அதைப் பின்னிணைப்பில போடுங்கோ," என்றார் அவர். அவள் அதை முதற்பக்கத்திலேயே போட்டு அனுப்பினாள். பதில் வரவில்லை.

இறங்குதுறையில் ஒவ்வொருவராகச் செயலியை அழித்தார்கள். றுமைஸ் தன்னுடைய போனை அவளிடமே கொடுத்து, "இதில இருந்தும் எடுத்து விடுங்க தங்கச்சி," என்றார். குரலில் கோபமில்லை. அவள் எடுத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் கிண்ணியாவுக்கு இஹ்ஸானைப் பார்க்கப் போனாள். அவளுக்கு முன்னரே ஜக்சன் அங்கே வந்து, கதிரை விளிம்பில் ஒடுங்கி இருந்தான். கையில் கொடுத்த தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. சொல்ல வந்ததை அவன் இன்னும் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்தபடி இஹ்ஸான்தான் கதையைத் தொடங்கினான்.

"எஞ்சினைப் பார்த்தீங்களா? என்ன பிழையாம்?"

"மண்ணெண்ணெய்க்குள்ள தண்ணி போயிருக்கு," என்றான் ஜக்சன், மெதுவாக.

"எங்க அடிச்ச எண்ணெய்?"

ஜக்சன் சொன்னான். இஹ்ஸான் தலையை ஆட்டி, அங்கே அடிக்கக்கூடாது, எங்கே அடிக்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கினான். தர்ஷனா கொண்டுவந்த தோடம்பழங்களை மேசையில் வைத்துவிட்டு, சுவரோரமாகக் கிடந்த வாங்கில் போய் இருந்தாள். கால் இரண்டும் உளைந்தன. அவர்கள் கதைத்து முடியும்வரை அவள் எழும்பவில்லை.