நான்கு சுழல் நாற்காலிகள்

இன்று முதல் இந்த நிறுவனத்தில் ஒரே ஓர் உண்மைதான் இருக்கும் என்று நிர்வாக இயக்குநர் அறிவித்தார். வரலாற்றில் இதற்கு முன் இப்படி அறிவித்தவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு படையாவது வைத்திருந்தார்கள். இவருக்குப் பின்னால் ஒரு திரையும், திரையில் இரண்டு கட்டங்களும், நடுவே இரு பக்கமும் கூர்மையான ஓர் அம்புக்குறியும் இருந்தன. நாற்காலி விற்கிற நிறுவனம் அது. கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

அதுவரை அங்கே இரண்டு உண்மைகள் இருந்தன. கையிருப்பு இவ்வளவு என்று மாடியில் விற்பனைப் பிரிவின் மென்பொருள் ஒன்று சொல்லும். கீழே கிடங்கின் மென்பொருள் வேறொன்று சொல்லும். இரண்டும் வெவ்வேறு காலத்தில் வாங்கியவை, ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசாதவை. மாடிக்குப் பொறுப்பு, எல்லோரும் மேடம் என்று அழைக்கும் அம்மாள். கிடங்குக்குப் பொறுப்பு அவருடைய கணவர். அவர்களும் கொஞ்ச காலமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"மூணு வழி இருக்கு சார்," என்றார் இரண்டு மென்பொருளையும் இணைக்க வந்த நிபுணர், டையை இறுக்கிக்கொண்டே. "ஒண்ணு, ஒரு சிஸ்டம் சொல்லும், இன்னொண்ணு கேட்டுக்கும். ரெண்டாவது, ரெண்டும் மாத்தி மாத்திச் சொல்லும், கடைசியா யார் சொன்னாங்களோ அது நிக்கும். மூணாவது, நடுவுல ஒருத்தரை வெச்சுப் பேசிக்கறது."

பின்வரிசையில் நின்றிருந்த கிடங்குக்காரருக்கு இதில் புதிதாக ஒன்றும் தென்படவில்லை. மூன்றையும் வீட்டில் செய்து பார்த்தவர். கல்யாணமான புதிதில் மனைவி சொன்னார், இவர் கேட்டுக்கொண்டார். பிறகு பல வருஷம் இரண்டாவது வழியில் ஓடியது. போதாத காலம், மனைவியைப் பற்றி ஒரு குறையை மாமியாரிடம் சொல்லி, பக்குவமாக எடுத்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். மாமியார் எடுத்துச் சொன்னார், தன் பங்குக்கு நாலைந்து சேர்த்தும் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் டிவி மட்டும்தான் பேசுகிறது.

ஆனாலும் ஆபீஸில் சாயங்காலமானால் கிடங்கின் போன் அடிக்கும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாததால் அடித்தே ஆகவேண்டும்.

"கிடங்கா?"

"ஆமா."

"சுழல் நாற்காலி எவ்ளோ காட்டுது?"

"முப்பது. உனக்கு?"

"முப்பத்தி நாலு. மறுபடி எண்ணிப் பாருங்க. கண்ணாடியப் போட்டுக்கிட்டு எண்ணுங்க."

அந்தக் கண்ணாடி என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் மறுநாள் சாயங்காலம் வரை தாக்குப்பிடித்துவிடுவார்.

நிறுவனம் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. அம்பு வேலை செய்ய ஆரம்பித்தது. மாடியிலும் கீழேயும் ஒரே எண். போன் அடிக்கவில்லை.

சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு, எண்கள் முரண்பட்டால் போன் அடித்துத்தானே ஆகவேண்டும் என்று, இல்லாத நான்கு சுழல் நாற்காலிகளைக் கணக்கில் ஏற்றினார். அம்பு அடுத்த நொடியே அந்த நான்கையும் மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. முரண்படவும் வழியில்லை, இப்போது கணவனும் மனைவியும் ஒற்றுமையாகத் தப்பாக இருந்தார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. அதில் அடித்தார்: 'என் கண்ணாடி எங்க?'

கொஞ்ச நேரத்தில் அது அழிந்து, அதே இடத்தில் வேறொன்று வந்தது: 'ஃபிரிட்ஜ் மேல.'

அதன்பின் அந்தக் கட்டம் ஓயவில்லை. குழாய் ஒழுகுவது, கரண்ட் பில், பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் என்று சுற்றிச் சுற்றி, கடைசியில் பேச்சு மாமியாரிடம் வந்து நின்றது. கடைசியாக எழுதியது மட்டுமே நிற்கும் என்பதால், அன்னைக்கு என்ன சொன்னீங்க என்று பழையதை எடுத்துக் காட்ட இருவராலும் முடியவில்லை. தாம்பத்தியத்துக்கென்றே இப்படி ஒரு மென்பொருளை யாரும் இதுவரை விற்காதது ஆச்சரியம்.

முதலீட்டாளர்களுக்கு ஒரே உண்மையைக் காட்ட இயக்குநர் ஏற்பாடு செய்திருந்த காலை. மேடமும் கிடங்குக்காரரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். அப்போது சுழல் நாற்காலிக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த ஒரு பல் டாக்டரின் போன் வந்தது. பெருமையில் இயக்குநர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், உங்க கம்பெனிலேர்ந்து மெசேஜ் வந்திருக்கு. 'உங்கள் நாற்காலி பற்றிய குறிப்பு: தப்பு என்னுதுதான். இனிமே எதுன்னாலும் உன்கிட்டயே நேரா சொல்றேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத.' நாற்காலி இன்னும் வராததுக்கு இப்படி மனசு விட்டு மன்னிப்பு கேட்ட கம்பெனிய நான் பாத்ததே இல்ல. என் ஒய்ஃப்கிட்டகூட காட்டினேன்."

முதலீட்டாளர்கள் கைதட்டினார்கள். நிபுணர் டையைத் தளர்த்தி, "அந்தக் கட்டம் கஸ்டமருக்குப் போகக் கூடாதே" என்று முனகியது யார் காதிலும் விழவில்லை. "எங்க சிஸ்டம் அப்படி சார்," என்றார் இயக்குநர் போனைப் பார்த்து. மேடம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கோபமா சிரிப்பா என்று தெரியும் முன்பே கிடங்குக்காரர் படியிறங்கி ஓடிவிட்டார்.

கீழே வந்து மூச்சு வாங்குவதற்குள் போன் அடித்தது.

"கிடங்கா?"

"ஆமா."

"சுழல் நாற்காலி எவ்ளோ காட்டுது?"

"உனக்குக் காட்டறதேதான்."

"தெரியும். இருந்தாலும் நீங்க எண்ணிச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, மறு கையால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலிகளின் நடுவே நடந்து, ஒவ்வொன்றின் தலையிலும் தட்டித் தட்டி, ரொம்ப மெதுவாக எண்ண ஆரம்பித்தார்.

எப்படி எண்ணினாலும் நான்கு குறைந்தது. பல் டாக்டருக்கு விற்றது அந்த நான்கில் ஒன்று.