கண்ணு மாத்து

கிழக்கு வெளுத்தும் தறிகள் நிற்கவில்லை. கருமத்தம்பட்டி விசைத்தறிக் கூடத்தில், பஞ்சுத் தூசி மூக்கை அடைக்க, இரவெல்லாம் நின்று வீங்கிய காலோடு சாமியாத்தாள் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். அடுத்த தறியில் ஞானமுத்து அலறினான். கண் சொருகிய நேரத்தில் கை பல்சக்கரத்துக்குள் போய்விட்டது. இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன.

அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நின்றவர்களிடம் முதலாளி சென்னகிருஷ்ணன் வந்தார். "துணில ரத்தம் பட்டுருச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, "தூங்கிக்கிட்டு வேல செஞ்சா இப்பிடித்தான். வைத்தியச் செலவு நான் பாக்க முடியாது. ஆராச்சும் வந்து கேட்டா, அவன் தூங்குனான்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

அந்தக் கூடத்தில் 'கண்ணு மாத்து' என்றொரு வழக்கம் இருந்தது. ஒருவர் கழிவுநூல் சாக்கில் கொஞ்சம் சாய்வார். பக்கத்துத் தறிக்காரர் அவர் தறியையும் பார்த்துக்கொள்வார். எழுந்து முகம் கழுவி வந்தால் கண் தெளிந்துவிடும்; பிறகு மற்றவர் சாய்வார். போன மாதம் முதலாளி சாக்குகளைத் தூக்கி வெளியே எறிந்தார். படுத்தவனுக்குக் கூலி கொடுக்க அவர் மனம் ஒப்புமா? அன்றுமுதல் எல்லோரும் நின்றுகொண்டே தூங்கினார்கள். முதலாளி கேட்டால் "தூங்கலீங்க" என்றார்கள். பயந்து சொன்ன அந்தப் பொய் யாரைக் காப்பாற்றியது?

"ஆமாங்க, தூங்குனான்," என்றாள் சாமியாத்தாள். "நானுந்தான் தூங்குனேன். இங்க நிக்கற அத்தன பேரும் தூங்குனோம். படுக்க உட்டிருந்தா அவன் வெரலு கையில இருந்திருக்குமுங்க. செலவு உங்களுது. சாக்கும் திரும்பி வரோணும். அதுவரைக்கும் தறி ஓடாதுங்க."

ஒருவர் பின் ஒருவராகத் தறியை நிறுத்தினார்கள்.

"ஓட்டாதவிய ஊட்டுக்குப் போங்க. பகல் சிப்ட்டு வருது," என்றார் முதலாளி.

வந்தது. முன்னால் வந்த பங்காரம்மா தரையில் கிடந்த ரத்தத்தைப் பார்த்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சோற்றுத் தூக்குப்போசியைக் கீழே வைத்தாள்.

"சாமியாத்தாக்கா, நீங்க எல்லாரும் படுங்க. நாங்க கண்ணு பாத்துக்கறோம்."

பகல் ஆட்கள் வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். முதலாளி தானே போய் சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது, தறியைத் தொட ஒரு கையும் வரவில்லை. அந்த உறுமலுக்கு நடுவே, வெறுந்தரையில், சாமியாத்தாள் பயமில்லாமல் கண்ணை மூடினாள்.