கிறிஸ்பினுக்குச் சளி பிடிக்கவில்லை

1

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க பெரியவரே" என்று கிறிஸ்பின் கேட்டுக்கொண்டான். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கல்லூரித் தேவாலயத்தில் கதவு திறந்து மெழுகுவத்தி ஏற்றுகிறவன். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. படித்தவர்களை நம்புவதுமில்லை. உங்களையும் சேர்த்துத்தான்.

2

கதையை இப்படித் தொடங்கினேன்: 'ஆக்ஸ்ஃபோர்டின் மூடுபனியில் மணியோசை மிதந்து…'

(மிதக்கட்டும். மணி அடிக்கிறவன் நான். மிதந்ததைப் பார்த்ததில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

விஷயம் இதுதான். எவ்வளவு கீழே வேண்டுமானாலும் பாடுவேன் என்று புளுகித்தான் கிறிஸ்பின் பாடகர் குழுவில் சேர்ந்தான். ஞாயிறு மாலை ஆராதனைக்கு வந்த பாட்டோ, கடைசிச் சுரத்தில் பாதாளத்துக்கு இறங்குகிறது. ஒத்திகையில் அவன் வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

"ஞாயித்துக்கிழமை அந்தச் சுரம் வரணும். இல்லேன்னா உன் இடத்துல வேற ஆள்" என்றார் குழுவை நடத்தும் டாக்டர் ட்ரோவல் அம்மா.

"வந்துரும் மேடம்."

"கொட்டாவிதான் வருது."

சளி பிடித்தால் குரல் இறங்கும். பாடுகிற எல்லாருக்கும் இது தெரியும். பிப்ரவரிக் குளிரில் பயல் செர்வெல் ஆற்றில் இறங்கி நின்றான். ஈரத்தலையோடு படுத்தான். ஒன்றும் ஆகவில்லை. பிறகு, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த லெட்டிஸிடம் போனான். உச்சக்குரலில் பாடுகிற பெண்.

"லெட்டிஸ், என் மூஞ்சில ஒரே ஒரு தும்மல் போடேன்."

"போடா லூசு! இந்தா, கைக்குட்டை. வச்சுக்கிட்டுக் கொஞ்சு."

[இந்த இடத்தில் இருவருக்கும் காதல் என்று எழுதிப் பார்த்தேன். அவன் அவள் கண்களை… வேண்டாம். மூக்குதான் தெரிகிறது.]

சனிக்கிழமைக்குள் குழு முழுக்கச் சளி. அவனைத் தவிர.

4

ஞாயிறு. வெள்ளை அங்கிக்குள் ஆளுக்கொரு கைக்குட்டை. கேட்க வந்தவர்கள், மழைக்கு ஒதுங்கிய சுற்றுலாத் தம்பதி மட்டும். உச்சக்குரல் பெண்கள் வாத்துகளாகிவிட்டார்கள். கிறிஸ்பின் குரல் மட்டும் கழுவிய கண்ணாடி. ட்ரோவல் அம்மா அவனையே முறைத்தார்.

கடைசிச் சுரம். அவன் வாயைத் திறந்தான். பெஞ்சு அதிர, பூமிக்கடியிலிருந்து வருவதுபோல ஒரு குரல் வந்தது. சுற்றுலாக்காரர் பயந்து எழுந்துவிட்டார்.

5

யார் பாடியது?

ஒரு முடிவு: அற்புதம். பாதிரியாருக்குப் பிடிக்கும்.

இன்னொன்று: ஆற்றுத் தண்ணீர் தாமதமாக வேலை செய்தது.

உங்கள் புத்தி வேறெங்கோ போகிறது. தெரியும். ஆமாம், நான் அவனுக்கு நேர் பின்னால்தான் நின்றேன். எனக்கும் சளிதான். மூக்கடைத்தவன் வாயால்தான் மூச்சு விடுவான். அதில் சத்தம் கலந்திருந்தால் நான் பொறுப்பல்ல.

"பிரமாதம் கிறிஸ்பின்!" என்றார் ட்ரோவல் அம்மா. "அடுத்த ஞாயித்துக்கிழமையும் இதையே பாடறோம். பிஷப் வர்றார்."

அவன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான்.

"பெரியவரே, சளி எப்படி இருக்கு?"

"குறைஞ்சிட்டு வருதுப்பா."

இதற்குமேல் எனக்கு முடிவு தெரியாது. வேண்டுமென்றால் நீங்களே வந்து முடித்து வையுங்கள். அவனுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்க இடமிருக்கிறது. சளியோடு வாருங்கள்.