காலர் அழுக்கு

சலவைக் கடையில் அவளுக்குக் கறைக்காரி என்று பெயர். துணிகளை மெஷினில் போடுவதற்கு முன்னால் காலர், கைமடிப்பு, பாக்கெட் ஓரம் எல்லாம் பார்த்து, எந்தக் கறைக்கு எந்த மருந்து என்று தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. பன்னிரண்டு வருஷமாக இதையே செய்ததில், அவளைக் கேட்காமலே கை வேலையை ஆரம்பித்துவிடும். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் காலரைக்கூட அவளால் சும்மா பார்த்துக்கொண்டு வர முடியாது.

கோடையின் ஆரம்பத்தில் அவள் புருஷன் செத்துப் போனான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, நெஞ்சை என்னமோ பண்ணுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவன் அப்புறம் எழுந்திருக்கவில்லை. இரண்டு அறை வீட்டில் அவளும் மாமியாரும் மிஞ்சினார்கள். மூன்றாவது வாரம் அவள் கடைக்குத் திரும்பினாள்.

சலவைக் கடைக்காரர்களுக்குக் காலண்டர் வேண்டியதில்லை. வியர்வைக் காலர் வந்தால் கோடை, முழங்கால் வரை சேறு தெறித்த பேண்ட் வந்தால் மழை, போர்வையும் கம்பளிச் சட்டையும் வந்தால் குளிர். கோடை முழுக்க அவள் ஒழுங்காகத்தான் துக்கப்பட்டாள். மழைக்காலத்தில்தான் வம்பு தொடங்கியது. பதினொரு மணி டீ ருசித்தது. சூடான துணிக் குவியலுக்குள் கையை விட்டபோது சுகமாக இருந்தது. இஸ்திரி போடுகிற ஆள் ஒருவன் இருந்தான். சதா நீராவிக்குள் நிற்பதால் மேகம் என்று கூப்பிடுவார்கள். ஒரு நாள் அவன் ஏதோ கோட்டுப் பையிலிருந்து பல்செட்டை எடுத்து, "கோட்டுக்காரர் வந்தா வாயத் திறக்கச் சொல்லுங்க, சரியான ஆளான்னு பாத்துடலாம்" என்றான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல ஆகிவிட்டது. புருஷன் போய் நாலு மாசம் ஆகவில்லை, அதற்குள் இவளுக்குச் சிரிப்பு கேட்கிறது! அன்றிலிருந்து வீட்டு மாடிப்படியில் ஒரு நிமிஷம் நின்று, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் கதவைத் தட்டுவாள்.

மாமியாரிடம் மகனுடைய சட்டை ஒன்று இருந்தது. கடைசியாக அவன் போட்டுக் கழற்றிய நீலச் சட்டை. அதைத் துவைக்கவே கூடாது என்று சொல்லி, தன் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். படுக்கும்போது காலரை வெளியே இழுத்து முகர்ந்து பார்ப்பாள். "இன்னும் இருக்கு" என்பாள். பிறகு தூங்கிவிடுவாள். அது இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, பத்து நாள் மூட்டத்துக்குப் பிறகு வெயில் அடித்தது. கடையில் வேலை பார்ப்பவர்கள் வாரம் ஒரு நாள் வீட்டுத் துணியை அங்கேயே துவைத்துக்கொள்ளலாம். மாமியார் குளித்துக்கொண்டிருந்தாள். கட்டில் மேல் நல்ல வெயில் விழுந்திருந்தது. இவளுக்கு என்ன வந்ததோ, ஒரு பாட்டை முணுமுணுத்தபடி போர்வை, விரிப்பு, தலையணை உறை என்று எல்லாவற்றையும் உருவி மூட்டை கட்டிவிட்டாள். பாட்டு கடைவரை கூடவே வந்தது. மூட்டையை மேஜையில் கொட்டி உதறினாள். அழுக்குக் காலர் ஒன்று கண்ணில் பட்டது. அவ்வளவுதான், கை மருந்தை எடுத்தது, பிரஷ்ஷை எடுத்தது, தேய்த்தது. மேகத்தோடு கதையடித்துக்கொண்டே தேய்த்தாள். யார் சட்டை என்று பார்க்கவில்லை. அவள் தொழிலில் காலரைத்தான் பார்ப்பார்கள், ஆளை யார் பார்க்கிறார்கள்?

மத்தியானம் இஸ்திரி போட்டு வந்த அடுக்கில் அது மேலாக இருந்தது. நீலச் சட்டை, மூன்றாவது பொத்தான் மட்டும் வெள்ளை. அந்தப் பொத்தானைத் தைத்தவளே அவள்தான். காலரை எடுத்து முகர்ந்தாள். சோப்பு வாசனை அடித்தது.

"புதுசாட்டம் ஆக்கிட்டீங்க" என்றான் மேகம், பாராட்டாக.

சாயங்காலம் மாடிப்படியில் முகத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மாமியார் உறையில்லாத தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "காலைலேருந்து தேடறேன். மூட்டையோட போயிடுச்சா?"

அவள் சட்டையை நீட்டினாள். மாமியார் மடிப்பைப் பிரித்து, காலரில் மூக்கை வைத்தாள். பிறகு அக்குளில், பாக்கெட்டில், கைமடிப்பில் தேடினாள்.

"ஒண்ணும் இல்லடி" என்றாள். "எப்படி உனக்குக் கை வந்துது?"

"அழுதுகிட்டே இருந்தேன் அத்தை. கண்ணே தெரியல. எது எதுன்னு பாக்காம எடுத்துட்டுப் போயிட்டேன்."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. மாமியார் அப்படியே இளகிப் போனாள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலையைத் தடவினாள். "சரி விடு. துணி போனாப் போகுது. எனக்கு நீ இருக்க, உனக்கு நான் இருக்கேன். அழாத."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தலையில் ஊர்ந்த அந்தக் கையைத்தான் தாங்க முடியவில்லை.

"இல்ல அத்தை. பொய் சொல்லிட்டேன். நான் அழல. பாடிக்கிட்டிருந்தேன்."

கை நின்றது.

"வெயில் அடிச்சுது. நல்லா இருந்துது. காலைலேருந்து அவர் ஞாபகம் ஒரு தடவைகூட வரல. அதான் தெரியாமத் தொவைச்சேன். இன்னைக்கு மட்டும் இல்ல, மழைக்காலத்துலேருந்தே இப்படித்தான். கடையில சிரிக்கிறேன். படியில நின்னு மூஞ்சிய மாத்திக்கிட்டு உங்க முன்னால வர்றேன்."

மாமியார் கையை எடுத்துக்கொண்டாள். சட்டையை மடியில் போட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினாள். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். என்ன வசவு வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவன் போன மூணாம் நாள்," என்றாள் மாமியார், "நீ உள்ள படுத்திருந்த. எனக்கு அப்படி ஒரு பசி. யாரோ கொண்டுவந்து வச்ச பன்னு இருந்துது. சமையலறைக் கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு தின்னேன். சர்க்கரை தூவித் தின்னேன்."

கடைசிப் பொத்தான் மாட்ட மாட்டேன் என்றது. அவள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே சொன்னாள்.

"அவ்வளவு ருசியா இருந்துதுடி. பெத்தவ நான். நீயாவது மழைக்காலம் வரைக்கும் பொறுத்திருந்த."